ஆட வெச்சது யாரு, ஆஸ்பத்திரி பில் கட்டுறது யாரு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச த்ரெட், கொஞ்சம் நீளம்தான். நம்ம ஊர் கபடியும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலும் இதில் வரும். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னா, ஒரு முட்டி.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ராசிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். காலேஜ் ரெண்டாம் வருஷம், கபடியில் ரெய்டர். மேட்டில் சட்டுனு திரும்பும்போது முட்டிக்குள்ள ‘டப்’புனு ஒரு சத்தம். ஒரு மணி நேரத்துக்குள்ள வீங்கிடுச்சு. அப்புறம் வழக்கம்போல எண்ணெய் போட்டு நீவி, கட்டுக் கட்டி, ஆறு வாரம் கழிச்சுத்தான் என்கிட்ட வந்தாங்க. எம்.ஆர்.ஐ. எடுத்தா ஏ.சி.எல். முழுசா கிழிஞ்சிருக்கு. நம்ம ஆளுங்க ‘முட்டி ஜவ்வு’ன்னு சொல்றது இதைத்தான்.

அப்பா தறி ஓட்டுறவர். ஆபரேஷன் செலவைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார்:

"காலேஜ்காரங்கதானுங்க டாக்டர் ஊடு தேடி வந்து கூட்டிட்டுப் போனாங்க. ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீன்னாங்க. அவங்களுக்கு ஆடித்தானுங்களே அடிபட்டுது? அப்ப வைத்தியம் அவங்கதானுங்களே பாக்கணும்?"

நியாயமான கேள்வி. "உங்க பையன் அங்க மாணவர்தான், ஊழியர் இல்லைங்க. வேலையில அடிபட்டா கிடைக்கிற இழப்பீட்டுச் சட்டம் அவனுக்கு வராது"ன்னு சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்தது. ஏன்னா இதே கேள்வியை 70 வருஷத்துக்கு முன்னாடி கொலராடோவில் ஒரு பொண்ணு கேட்டிருக்காங்க. அவங்களுக்குக் கிடைச்ச பதிலும் இதுதான்.

1955. ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம்னு ஒரு சின்ன காலேஜ். ரே டெனிசன்னு ஒருத்தர் அங்க ஃபுட்பால் ஆடினார். கல்யாணமாகி குழந்தைகளும் இருந்த மனுஷன். ஒரு மேட்ச்சில் அவர் தலை எதிரணி ஆளோட முட்டியில் மோதியது. மண்டை ஓடு உடைஞ்சு இறந்துட்டார். காலேஜுக்காக ஆடும்போது செத்தவருக்கு, வேலையில் செத்தவருக்குத் தர்ற இழப்பீடு வேணும்னு மனைவி கேட்டாங்க. 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கொடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. காலேஜ் ஃபுட்பால் வியாபாரம் நடத்தலையாம்.

இதில் விசேஷம் என்னன்னா, அதே கோர்ட் 1953-ல் நேர்மாறா தீர்ப்பு சொல்லியிருந்தது. எர்னெஸ்ட் நெமெத், டென்வர் யூனிவர்சிட்டி மாணவர். டென்னிஸ் கோர்ட்டைப் பராமரிக்கிற வேலைக்குன்னு மாசம் 50 டாலர் வாங்கிட்டிருந்தார். ஃபுட்பால் பயிற்சியில் முதுகில் அடி. அவர் ஆடுறதாலதான் அந்த வேலையே கிடைச்சது, அதனால ஊழியர்தான்னு கோர்ட் இழப்பீடு கொடுத்தது.

அந்தத் தீர்ப்பு அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ.வுக்குக் கிலி பிடிக்க வெச்சது. இந்த அமைப்பு பிறந்த கதையும் அடிபட்ட கதைதான். 1905 சீசனில் மட்டும் சுமார் 18 பேர் ஃபுட்பால் ஆடிச் செத்து, அதிபர் ரூஸ்வெல்ட் தலையிட்டு, 1906-ல் உருவான சங்கம் அது. 1951-லிருந்து 1987 வரை அதை நடத்தினவர் வால்டர் பயர்ஸ். வீரர்கள் ஊழியர் ஆயிடக்கூடாதுங்கிற பயத்தில் அவங்க ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சு எல்லா விதிகளிலும் புகுத்தினாங்க: ‘ஸ்டூடண்ட் அத்லெட்’. மாணவ வீரர்! கேட்க எவ்வளவு கௌரவமா இருக்கு. அது இழப்பீட்டுக் கேஸுக்குத் தடுப்பா வந்த சொல்னு 1995-ல் பயர்ஸே தன் புத்தகத்தில் ஒத்துக்கிட்டார்.

இன்னொரு விதியும் போட்டாங்க. 1973-லிருந்து ஸ்காலர்ஷிப்பை நாலு வருஷத்துக்குப் பதிலா வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி மாத்தினாங்க. அடிபட்டவனுக்கு அடுத்த வருஷம் சீட்டு உறுதி இல்லாமப் போச்சு. 1974-ல் கழுத்தில் அடிபட்டு உடம்பு செயலிழந்த கென்ட் வால்ட்ரெப் கேஸ் 2000 வரைக்கும் இழுத்து, கடைசியில் ‘ஊழியர் இல்லை’ன்னே முடிஞ்சது.

இதுக்கு நடுவில் டிவி பணம் கொட்டுச்சு. பயிற்சியாளர்களுக்கு மில்லியன் கணக்கில் சம்பளம், ஆடுற பசங்களுக்கு மட்டும் அமெச்சூர் தர்மம். 2014-ல் நார்த்வெஸ்டர்ன் வீரர்கள் யூனியன் கேட்டாங்க. எல்லாரும் சம்பளச் சண்டைன்னு நினைச்சாங்க. ஆனா அவங்க கோரிக்கையில் முன்னாடி நின்னது, படிப்பு முடிஞ்ச பிறகும் அடிபட்ட உடம்புக்கு வைத்தியச் செலவு. அடுத்த வருஷம் தொழிலாளர் வாரியம் கேஸையே எடுத்துக்க மறுத்துடுச்சு.

அப்புறம்தான் அணை உடைஞ்சது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0ன்னு என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வெச்சு விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் 6-ல் ஹவுஸ் வழக்குச் சமரசம்: பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர், 2025-26-ல் ஒரு காலேஜ் 2.05 கோடி டாலர் வரை நேரடியா வீரர்களுக்குக் கொடுக்கலாம்னு ஆச்சு. அப்போதைய மதிப்பில் நம்ம பணத்தில் சுமார் 175 கோடி ரூபாய், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு. டீம் மாறுற விதிகளும் தளர்ந்ததால ஒரே பையன் மூணு வருஷத்தில் மூணு காலேஜ் பனியன் போடுறான். பழைய ரசிகர்கள் தலையில அடிச்சுக்கிறாங்க. நான் பசங்க பக்கம்தான். கோச் மட்டும் காசுக்கு மாறலாமா?

ஆனா கவனிங்க, இவ்வளவு பணம் கொடுத்தும் அந்தச் சமரசம் அவங்களை ‘ஊழியர்’னு சொல்லல. படிப்பு முடிஞ்ச பிறகு ரெண்டு வருஷத்துக்குக் காயச் சிகிச்சைக் காப்பீடுன்னு ஒண்ணு 2024 ஆகஸ்டில்தான் வந்தது. ஏ.சி.எல். கிழிஞ்ச முட்டியில் மூட்டுத் தேய்மானம் தலைகாட்ட பத்து, பதினஞ்சு வருஷம் ஆகலாம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம கபடியில பணம் வந்த வழியே வேற. காசா இல்லாம, வேலையா வந்தது. ரயில்வே, போலீஸ், பேங்க், மின்வாரியம்னு டீம் வெச்சிருந்தாங்க, நல்லா ஆடுனா உத்தியோகம். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்குன அணியில் இருந்த மணத்தி கணேசன், அடுத்த வருஷம் அர்ஜுனா விருது வாங்கினவர், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்தான். ‘பைசன்’ படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். சம்பளம் பெருசா இருக்காது. ஆனா ரயில்வேயில் இருந்தா முட்டி போனாலும் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கு, ரிட்டயர் ஆகுற வரை வேலையும் இருக்கு. சரியாச் சொன்னா, அமெரிக்கா 70 வருஷமா கொடுக்க மறுத்த ‘ஊழியர்’ங்கிற அந்தஸ்தை நம்ம ஊர் முதல்லயே கொடுத்துடுச்சு. என்ன, அது கொஞ்ச பேருக்குத்தான்.

2014-ல் புரோ கபடி. முதல் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2018-ல் ஆறு பேர் கோடியைத் தொட்டாங்க. 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் மேட்ச்சிலேயே முட்டியில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே. ஆனா அடுத்த ஏலத்தில் தெலுகு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது, நடுவில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குக் கேப்டனா தங்கமும் ஜெயிச்சார். நல்ல ஆபரேஷன், நல்ல ஃபிசியோ, காத்திருக்க வசதி இருந்தா முட்டி திரும்ப வரும்னு டாக்டரா சந்தோஷப்பட்டேன். அவர் ரயில்வே வீரரும்கூட.

டிவியில் இதைப் பார்த்து நம்ம பசங்க மண்ணை விட்டு மேட்டுக்கு வந்தாங்க. மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டுறது ஜவ்வு. மேட் தப்புன்னு சொல்லல. அதுக்கேத்த தொடைப் பயிற்சி, குதிச்சு இறங்குற பயிற்சி வேணும், அது பல இடத்தில் இல்லை.

காலேஜுகளும் மாறிடுச்சு. நல்ல ரெய்டரைப் பிடிக்கப் போட்டி. ஃப்ரீ சீட்டுங்கிறது ஒரு வகைச் சம்பளம்தானே? நெமெத்துக்கு டென்னிஸ் கோர்ட் வேலை, நம்ம பையனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு. இவன் ரயில்வே ஊழியரும் இல்லை, ஏலத்தில் போனவனும் இல்லை. ரெண்டுக்கும் நடுவில் நிக்கிறான். நம்ம ஊர்ல ஆடுற பசங்கள்ல முக்கால்வாசி பேர் நிக்கிறது அங்கதான்.

அதனால பசங்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்க்கிற பெற்றோர்கள் கொஞ்சம் கூச்சப்படாம கேளுங்க: அடிபட்டா சிகிச்சைச் செலவு யாரு? ஆட முடியாமப் போனா ஃபீஸ் சலுகை தொடருமா? எழுத்துல வாங்குங்க. மாணவர் விபத்துக் காப்பீடு இருக்குன்னு சொன்னா பாலிசியை வாங்கிப் படிங்க. சில பாலிசி உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான், ஜவ்வு அதில் வராது. முட்டியில் சத்தம் கேட்டு உடனே வீங்கினா நீவ வேண்டாம், ஐஸ் வெச்சுட்டு டாக்டர்கிட்ட வாங்க.

பையனுக்கு ஆபரேஷன் முடிஞ்சது. பாதிச் செலவுக்குக் கூட ஆடுற பசங்களே ஊர்ல வசூல் பண்ணிக் கொண்டுவந்தாங்க. குறைஞ்சது ஒன்பது மாசம் ஃபிசியோ. ஐப்பசியில் மாரியம்மன் பண்டிகைக்கு மின்னொளி கபடி இருக்கு, ஒரே ஒரு ரெய்டு போகட்டுமான்னு கேட்டான். கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவங்க அப்பாகிட்டயும் தனியா சொல்லி வெச்சிருக்கேன்.