கமகுராவின் கடலோரத்தில் ஒரு பிந்திய காதல்

ரூபவாஹினியில் 'ஒஷின்' பார்த்த தலைமுறைக்கு ஜப்பானியத் தொடர்நாடகம் என்றதும் கண்ணீரே நினைவுக்கு வரும். அந்த நாட்டிலிருந்துதான் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் ஒரு கடலோரக் காதல் கதையும் வந்தது. 2012 ஜனவரியில் பூஜி தொலைக்காட்சியில் தொடங்கிய அதன் பெயரைத் தமிழில் 'கடைசியிலிருந்து இரண்டாவது காதல்' எனலாம். எழுதியவர் ஒகாடா யொஷிகாஸு.

நாயகி சியாகிக்கு வயது நாற்பத்தைந்து. மணமாகாதவள்; தொலைக்காட்சி நாடகத் தயாரிப்பாளர். தோக்கியோவை விட்டுக் கமகுராவில் பழைய வீடொன்றிற் குடியேறுகிறாள். அயல்வீட்டு வஹெய், மனைவியை இழந்த ஐம்பது வயதுக்காரர். மாநகரசபையின் சுற்றுலாப் பிரிவில் அதிகாரி. சந்தித்த நாள் முதல் இருவருக்கும் வாய்ச்சண்டை. மதுக்கிண்ணங்களுக்கிடையே அது தொடரும். மறுநாள் மீண்டும் ஆரம்பிக்கும். கதை அவ்வளவுதான்.

இதில் அப்படியென்ன கவர்ச்சி? 1991இல் 'தோக்கியோ காதல் கதை' திங்கள் இரவு ஒன்பது மணிக்கு இதே தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியபோது, அதைப் பார்த்த இளம் பெண்களுக்கு இருபதுகளின் வயது. 2012இல் அவர்கள் சியாகியின் வயதை எட்டியிருந்தனர். காதல் நாடகங்களோ இன்னமும் இருபது வயதினரையே சுற்றிக்கொண்டிருந்தன. சியாகியாக நடித்த கொய்சுமி கியொகோ எண்பதுகளின் இளம் பாடகி நட்சத்திரம். தம்மோடு வளர்ந்தவள் தம்மைப் போலவே முதுமையை எண்ணி அஞ்சுவதையும், அந்த அச்சத்தையே கேலி செய்வதையும் அவர்கள் கண்டனர்.

வஹெய்யாக நடித்த நாகாய் கியிச்சியின் தந்தை சாதா கெய்ஜி, ஷொச்சிக்கு நிறுவனத்தின் புகழ்பெற்ற நாயகன். கமகுராவின் ஒபுனா பகுதியில் 1936 முதல் 2000 வரை இயங்கியது அந்நிறுவனத்தின் படப்பிடிப்புக் கூடம். 1964இல் வாகன விபத்தில் சாதா இறந்தபோது மகனுக்கு மூன்று வயதும் நிறையவில்லை. தந்தை நடித்த அதே ஊரில் மகன் ஐம்பது வயதுக் காதலனாக வலம் வருவது அறிந்தவர்களுக்குத் தனிச்சுவை.

கடலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2011 மார்ச் 11ஆந் திகதி கடற்கோள் ஜப்பானின் வடகிழக்குக் கரையை அழித்துப் பத்து மாதங்களே கடந்திருந்தன. கமகுராவும் கடற்கோளை அறிந்த ஊர்தான். 1252இல் தொடங்கப்பெற்ற மாபெரும் புத்தர் சிலை இன்று வெட்டவெளியில் அமர்ந்திருப்பதற்குக் காரணம், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அலைகள் மண்டபத்தை அடித்துச் சென்றமையே என்பது மரபுவழிச் செய்தி. அத்தகைய கரையில்தான் இந்தக் கதாபாத்திரங்கள் காலாற நடந்து, சண்டையிட்டுச் சிரிக்கின்றனர். 2004 டிசம்பருக்குப் பின்னர் கடலுக்கு முதுகுகாட்டி வீடு கட்டிக்கொண்டவர்களை நம் கரையோரங்களில் நான் கண்டிருக்கிறேன். அதனாலோ என்னவோ, ஒன்றுமே நடவாத அந்தக் கடற்கரைக் காட்சிகள்தான் எனக்கு அதிகம் பிடித்திருந்தன.

2014இல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாம் பாகம் 2025 ஏப்ரலில் தொடங்கியபோது சியாகி அறுபதை நெருங்கியிருந்தாள், வஹெய் அறுபதைத் தாண்டியிருந்தார். அது ஒளிபரப்பாகியதோ இளைஞர் காதலுக்கென்றே பெயர்பெற்ற அந்தத் திங்கள் இரவு ஒன்பது மணிக்கு.