சிம் ட்ரே இல்லாத ஐபோன்

என் மேசை இழுப்பறையில் இரண்டு ஐபோன் 4 கிடக்கின்றன. இரண்டும் கறுப்பு, இரண்டும் 16 ஜிபி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வையில் எது எது என்று சொல்ல முடியாது. கையில் எடுத்து வலப்பக்க விளிம்பை நகத்தால் தடவ வேண்டும். ஒன்றில் சிம் ட்ரேயின் ஊசித்துளை தட்டுப்படும். மற்றதில் எஃகுப் பட்டை வழவழவென்று ஓடும், துளை கிடையாது. துளை உள்ளது 2010 ஜூனில் வந்தது, அமெரிக்க செல்போன் கம்பெனியான ஏடி அண்ட் டியின் இணைப்பில் ஓடியது. துளை இல்லாதது 2011 பிப்ரவரியில் வந்தது, அதன் போட்டியாளரான வெரைசனின் இணைப்பில் ஓடியது. அந்தத் துளை எப்படிக் காணாமல் போனது என்பது நான் சோறு தின்ற தொழிலோடு சம்பந்தப்பட்ட கதை.

நான் பார்த்தது டிரைவ் டெஸ்ட் வேலை. 2006இல் நியூ ஜெர்சிக்கு வந்தேன். காரின் கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஆன்டெனாக்கள், பக்கத்து இருக்கையில் லேப்டாப், பின்சீட்டுப் பெட்டிக்குள் கம்பெனிக்கு ஒரு போன். அந்த போன்கள் தாமாகவே டயல் செய்யும், கொஞ்ச நேரம் பேசும், வைக்கும், மறுபடி டயல் செய்யும். எந்த இடத்தில் கால் அறுந்தது, எந்த இடத்தில் லைனே கிடைக்கவில்லை என்பதெல்லாம் வரைபடத்தில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளி புள்ளியாக விழும். 2002 முதல் வெரைசன் விளம்பரங்களில் கண்ணாடி போட்ட ஒருவர் ஊர் ஊராகப் போய், கேட்கிறதா கேட்கிறதா என்று போனில் விசாரித்துக்கொண்டே இருப்பார். அவர் நடித்தது எங்கள் பிழைப்பைத்தான்.

அதனால் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கப் போனாலும் சரி, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு வரிசையில் நின்றாலும் சரி, தெரிந்தவர்கள் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “அண்ணா, ஐபோன் வெரைசனுக்கு எப்ப வரும்?” ஐபோன் அன்று ஏடி அண்ட் டியில் மட்டும்தான். 2008, 2009, 2010 மூன்று வருடமும் அதே கேள்வி. கேட்டவர்களுக்கு அது சிக்னலைப் பற்றிய கேள்வி. எனக்கோ அதைக் கேட்கும்போதெல்லாம் அப்பா நினைவு வரும்.

அப்பா திருநெல்வேலியில் தபால் தந்தித் துறையில் லைன்மேன். வீட்டுக்கு போன் வேண்டுமென்று ஒருவர் எழுதிக் கொடுத்து, வருடக்கணக்காகக் காத்திருந்து, முறை வந்ததும் பெங்களூர் ஐடிஐ தொழிற்சாலையில் செய்த கறுப்புக் கருவியைத் தோளில் சுமந்து போய் மாட்டிவிட்டு வருவார். கருவி துறையின் சொத்து. வீட்டுக்காரர் அதைத் துடைக்கலாம், திறக்கக் கூடாது. சந்தாவைத் துண்டித்தால் அப்பாவே போய்க் கழற்றிக்கொண்டு வருவார். கம்பி யாருடையதோ, கருவியும் அவருடையது.

அமெரிக்காவிலும் அப்படித்தான் இருந்தது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெல் சிஸ்டம் என்ற ஒரே குடும்பம் நாட்டின் பெரும்பகுதித் தொலைபேசியைக் கையில் வைத்திருந்தது. கருவியை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்யும், ஏடி அண்ட் டியின் கிளைக் கம்பெனிகள் வாடகைக்கு விடும். அந்நியப் பொருள் எதையும் அதில் இணைக்கக் கூடாது. ஹஷ்-அ-ஃபோன் என்று ஒரு கிண்ணம் இருந்தது. மின்சாரம் கிடையாது, பேசும் முனையில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் காதில் பேச்சு விழாது, அவ்வளவுதான். அதைக்கூட மாட்டக் கூடாது என்று ஏடி அண்ட் டி வாதாடியது. 1955இல் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியும் அதற்குத் தலையாட்டியது. மறுவருடம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளியது. பிறகு டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் வந்தார். எண்ணெய் வயலிலும் மாட்டுப் பண்ணையிலும் வேலை செய்பவர்களின் வயர்லெஸ் ரேடியோவைத் தொலைபேசியோடு பேச வைக்கும் பெட்டி ஒன்றைச் செய்திருந்தார். ரிசீவரை அதன் தொட்டிலில் படுக்க வைத்தால் போதும், கம்பிக்குக் கம்பி இணைப்பே கிடையாது. 1968இல் எஃப்சிசி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வலைக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் சந்தாதாரர் இணைத்துக்கொள்ளலாம் என்றானது. பதிலளிக்கும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை. இன்டர்நெட்டுக்கு அந்த டெக்சாஸ்காரர் செய்த உபகாரத்தை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் கார்ட்டர் வாங்கிக் கொடுத்த உரிமை கம்பியோடு நின்றுவிட்டது. செல்போன் வந்தபோது அது கூடவே வரவில்லை.

1984 ஜனவரி 1 அன்று பெல் குடும்பம் பாகம் பிரிந்தது. ஏழு பிராந்தியக் கம்பெனிகள் பிறந்தன. அவற்றில் சவுத்வெஸ்டர்ன் பெல், அண்ணன் தம்பிகளை ஒவ்வொன்றாக வாங்கி, 2005இல் தாய்க் கம்பெனியையே வாங்கி, அதன் பெயரையும் சூட்டிக்கொண்டது. அதுதான் இன்றைய ஏடி அண்ட் டி. பெல் அட்லான்டிக், நைனெக்ஸோடும் ஜிடிஇயோடும் சேர்ந்து 2000இல் வெரைசன் ஆனது. ஆக, ஐபோனுக்காக மோதிக்கொண்ட இருவரும் ஒரே வீட்டுப் பங்காளிகள். கருவி நம் கைப்பிடிக்குள் இருக்க வேண்டும் என்ற பழக்கம் இரு பங்காளிகளின் இரத்தத்திலும் இருந்தது.

அலைவரிசையில் மட்டும் ஆளுக்கொரு வழி போனார்கள். ஏடி அண்ட் டி ஜிஎஸ்எம் பக்கம். வெரைசன், சான் டியாகோவின் குவால்காம் வளர்த்தெடுத்த சிடிஎம்ஏ பக்கம். ஜிஎஸ்எம்மில் பேசுகிறவர்கள் வரிசை போட்டு, ஆளுக்கு நொடியில் ஒரு துணுக்கு என்று மாறி மாறிப் பேசுவார்கள். சிடிஎம்ஏவில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசலாம். கல்யாண மண்டபத்து இரைச்சலுக்கு நடுவிலும் நம் வீட்டார் குரல் நம் காதுக்குப் பிரிந்து கேட்கிற மாதிரி, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு குறியீடு உண்டு. அதை அறிந்த போன் தன் பேச்சை மட்டும் பிரித்தெடுக்கும். (மூன்றாம் தலைமுறைக்குப் போனபோது ஏடி அண்ட் டி தரப்பும் குறியீட்டு முறைக்கே வந்தது; ஆனாலும் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.) சந்தாதாரருக்கு முக்கியமான வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. ஜிஎஸ்எம்மில் நம் அடையாளம் சிம்மில் இருக்கிறது, கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். அமெரிக்க சிடிஎம்ஏவில் அன்று சிம் கிடையாது. போனின் எண்ணையே கம்பெனி தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளும். ஏற்ற மறுத்தால் போன் வெறும் பொம்மை. 2003இல் 501 ரூபாய் கட்டி ரிலையன்ஸ் போன் வாங்கிய நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஐபோனைக் காட்டியபோது, கூட வந்து நின்றவர் சிங்குலர் செல்போன் கம்பெனியின் தலைவர் ஸ்டான் சிக்மன். சிங்குலர் அப்போதுதான் முழுசாக ஏடி அண்ட் டி கைக்கு வந்திருந்தது. அந்த மாதமே இன்னொரு செய்தியும் வெளியானது: ஆப்பிள் முதலில் வெரைசனிடமும் பேசியிருக்கிறது, வெரைசன் மறுத்துவிட்டது. மாதக் கட்டணத்தில் பங்கு, எந்தக் கடையில் விற்பது என்பதில் அதிகாரம், வாடிக்கையாளரோடு நேரடி உறவு என்று ஆப்பிள் கேட்டவை வெரைசனுக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராததில் எனக்கு ஆச்சரியமில்லை. 2004இல் மோட்டோரோலா வி710 போனை வெரைசன் விற்றபோது, புளூடூத் வழியாகக் கோப்பு அனுப்பும் வசதியை அடைத்துத்தான் விற்றது. வாங்கியவர்கள் வழக்குக்குப் போனார்கள். போனில் என்ன இருக்கலாம் என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும் என்ற காலம் அது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு போனை ஒரே கம்பெனிக்கு மட்டும் தரும் தனியுரிமை ஒப்பந்தம் என்றாலே அநியாயம் என்பவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போகமாட்டேன். 2007இல் வந்த அந்த போனின் மேல் ஏடி அண்ட் டியின் பெயர் கிடையாது, உள்ளே அதன் மென்பொருள் கிடையாது. குரல் அஞ்சல்களைப் பட்டியலாகக் காட்டுவதற்காகத் தன் வலையிலேயே கம்பெனி மாற்றம் செய்துகொடுத்தது. ஒரு தொலைபேசிக் கம்பெனி அந்த அளவு இறங்கி வந்ததற்கு விலைதான் தனியுரிமை. எல்லாருக்கும் தருகிறேன் என்று ஆப்பிள் போயிருந்தால் ஒருவர்கூட இறங்கியிருக்கமாட்டார்கள். முதல் ஓரிரு வருடத்துக்கு அந்த விலை தகும். அதற்கு மேல் இழுத்தது தகாது.

ஏனென்றால் போன் வலையை மீறி வளர்ந்துவிட்டது. 2007 ஜூன் 29 மாலை 6 மணிக்கு 499, 599 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தபோது அது மெதுவான எட்ஜ் இணைப்பில் ஓடியது. 2008 ஜூலையில் 3ஜி வந்து, ஆரம்ப விலை 199 டாலருக்கு இறங்கியதும் பிடித்தது வெள்ளம். மூன்று வருடத்தில் தரவுப் போக்குவரத்து 5,000 சதவீதத்துக்கு மேல் ஏறியதாக ஏடி அண்ட் டியே சொன்னது. 2009 டிசம்பரில் அதன் உயர் அதிகாரி ரால்ஃப் டி லா வேகா, நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் சேவைத் தரம் குறைந்திருப்பதை ஒப்புக்கொண்டார். அதற்குச் சற்று முன்புதான் வெரைசன் இரு கம்பெனிகளின் 3ஜி வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு விளம்பரம் செய்திருந்தது. ஏடி அண்ட் டி அட்லான்டா நீதிமன்றத்துக்குப் போனது, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, வழக்கைத் திரும்பப் பெற்றது. எங்களைப் போன்றவர்கள் காரில் அலைந்து வரையும் வகை வரைபடம் தேசத்துச் சண்டையாவதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

இன்னொரு கூட்டமும் இருந்தது: ஏடி அண்ட் டி டவரே எட்டாத கிராமத்துக்காரர்கள். அவர்களுக்கு ஐபோன் காசு கொடுத்தாலும் கிடையாது. கிராமப்புறச் சிறு கம்பெனிகளின் சங்கம் 2008இலேயே எஃப்சிசியிடம் மனுக் கொடுத்தது. 2009 ஜூனில் ஜான் கெர்ரி உள்ளிட்ட நான்கு செனட்டர்கள் எஃப்சிசிக்குக் கடிதம் எழுதினார்கள், செனட் குழு விசாரணையும் நடந்தது. சட்டம் எதுவும் வரவில்லை. சட்டத்துக்குக் காத்திராதவர்களும் உண்டு. எங்கள் நியூ ஜெர்சியிலேயே, கிளென் ராக் ஊரின் 17 வயதுப் பையன் ஜார்ஜ் ஹாட்ஸ், 2007 ஆகஸ்டில் சால்டரிங் இரும்பை வைத்து ஐபோனின் பூட்டைத் திறந்துவிட்டான். அந்த ஒரு போனுக்கு ஒரு நிசான் 350இசட் காரும் மூன்று புது ஐபோனும் பண்டமாற்றாகக் கிடைத்தன. ஆனாலும் அன்லாக் செய்த போன் ஜிஎஸ்எம் வீடுகளுக்குள்தான் போக முடியும். சிடிஎம்ஏ வீட்டுக்கு அதனிடம் சாவி இல்லை.

2011 ஜனவரி 11 அன்று நியூயார்க் லிங்கன் சென்டர் அரங்கில் வெரைசனின் லோவெல் மெக்ஆடமும் ஆப்பிளின் டிம் குக்கும் அறிவித்தார்கள். பிப்ரவரி 3 விடியற்காலை 3 மணிக்குப் பழைய வாடிக்கையாளர்களுக்கு முன்பதிவு திறந்தது. அன்று இரவுக்குள் முடிந்தது. பிப்ரவரி 10 காலை கடைக்கு வந்த நாளில் நான் போனேன். கடுங்குளிர். கூட்டம் இருக்கும் என்று தெர்மோஸில் காபி எடுத்துப்போயிருந்தேன், எனக்கு முன்னால் நின்றவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. வேண்டியவர்கள் முன்பதிவிலேயே வாங்கிவிட்டார்கள். அந்தக் காலாண்டில் வெரைசன் 22 லட்சம் ஐபோன் இணைத்தது. ஏடி அண்ட் டி கவிழ்ந்துவிடும் என்று ஆரூடம் சொன்னவர்கள் பலர். அதே காலாண்டில் அது 36 லட்சம் இணைத்தது.

வாங்கிய முதல் வாரமே குறையும் தெரிந்தது. சிடிஎம்ஏவில் பேச்சும் தரவும் ஒரே நேரத்தில் ஓடாது. கோயிலுக்கு வழி பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டும்போது வீட்டிலிருந்து கால் வந்தால் மேப் அப்படியே நின்றுவிடும். “எங்க இருக்கீங்க?” என்று மனைவி கேட்பாள். போனை வைத்தால்தான் எனக்கே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்திதழ்த் திருகுக்கான திருப்புளி வாங்கி அந்த போனைத் திறந்தேன். பிரித்துப் பார்த்தவர்கள் ஏற்கெனவே எழுதியிருந்ததுதான், இருந்தாலும் கண்ணால் காண ஆசை. உள்ளே இருந்தது குவால்காமின் எம்டிஎம்6600 சில்லு. அந்தச் சில்லுக்கு சிடிஎம்ஏவும் தெரியும், ஜிஎஸ்எம்மும் தெரியும். இரு மொழியும் அறிந்தது. சிம் வைக்க மட்டும் இடம் கிடையாது. இத்தனை வருடம் எல்லாரும் கேட்டது கிடைத்துவிட்டது, போன் எதிராளி வீட்டுக்குப் போய்விட்டது. புகுந்த வீட்டிலும் கதவை வெளியே இருந்து பூட்டியிருந்தார்கள். வெகுநேரம் அந்தச் சில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு ஆறவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த 4எஸ் இரு முறையையும் பேசியது, ஸ்பிரின்ட்டுக்கும் போனது. 2013இல் டி-மொபைலுக்கும். ஆனால் பூட்டு திறந்தது வேறு பக்கத்திலிருந்து. 2007 ஜூலையில், 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஏலம் விடுமுன் எஃப்சிசி அதன் ‘சி’ தொகுதிக்கு ஒரு நிபந்தனை போட்டது: வாங்குபவர் எந்தக் கருவியையும் அனுமதிக்க வேண்டும், பூட்டி விற்கக் கூடாது. 1968இன் கார்ட்டர் தீர்ப்பு காற்றலைக்கு எட்டிய முதல் இடம் இதுதான் என்பேன். வெரைசன் எதிர்த்து வழக்குப் போட்டது, பிறகு விலகியது, 2008இல் அந்தத் தொகுதியில் பெரும்பங்கை அதுவே ஏலத்தில் எடுத்தது. அதில்தான் தன் 4ஜியைக் கட்டியது. அதனால் 2012 செப்டம்பரில் வெரைசன் விற்ற ஐபோன் 5இல் சிம் ட்ரே இருந்தது. பூட்டு இல்லை.

அந்த டிசம்பரில் ஓர் ஐபோன் 5ஓடு ஊருக்குப் போனேன். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடை. நானோ சிம் அங்கே இன்னும் வந்திருக்கவில்லை. கடைக்காரத் தம்பி பெரிய சிம்மைக் கத்தரியால் நறுக்கி, தடிமன் கூடுதலாக இருந்ததால் உப்புத்தாளில் பின்பக்கத்தைத் தேய்த்து, ஊதி, ட்ரேயில் வைத்து உள்ளே தள்ளினார். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின.

“ஏல, அந்தூர்க் கம்பெனிக்காரன் ஒண்ணுஞ் சொல்லமாட்டானா?”

“சொல்லமாட்டாம்ப்பா.”

அப்பா போனை வாங்கித் தன் செல்லுக்கு அடித்தார். சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, இரு போனிலும் மாறி மாறி “ஹலோ, ஹலோ” என்று லைன் சோதித்தார். பிறகு மேசையில் கிடந்த சிம்மின் நறுக்குத் துண்டுகளைப் பொறுக்கி, ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.