எத்தனை டன் சார்?



மலர்க்குழு நண்பர் போன் செய்து, "ஏ.சி. லைன்ல இத்தனை வருஷம் இருந்திருக்கியே, ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார். மலரில் எழுதுவதென்றால் எல்லோரும் சாதனையைத்தான் எழுதுவார்கள். நான் ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கத் தேவையான அத்தனை விஷயமும் நான் பிறப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அதனால் இது கொஞ்சம் சுயசரிதை, நிறைய சரித்திரம்.

1996ல் ஒரு வணிக வளாகத்துக்கு ஏ.சி. சிஸ்டம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கீழே ஜவுளிக் கடை, மேலே வங்கிக் கிளை, அதற்கு மேல் டாக்டர்களின் கிளினிக்குகள், மொட்டை மாடிக்குக் கீழே கம்ப்யூட்டர் பயிற்சி மையம். உரிமையாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை டன் சார் வேணும்?" நானும் கணக்குப் போட்டு, 200 டன், நூறு நூறாக இரண்டு சில்லர், மேலே கூலிங் டவர் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு டன்னுக்கு ஆகும் மின்சாரம் அதில்தான் குறைவு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

டன் என்றால் என்ன?

இளைய நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஏ.சி.யில் டன் என்பது மிஷினின் எடை அல்ல. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட். மிஷின் வருவதற்கு முன் குளிர்ச்சி என்றாலே ஐஸ்தான், அந்தப் பழக்கத்தில் வந்த அளவு. அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய ஐஸை ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலேற்றி 1833ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னை மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842ல் அவருடைய ஐஸை வைக்கக் கட்டியதுதான். ஆக, "எத்தனை டன்" என்பது ஐஸ் வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி. கட்டடத்துக்கு ஏ.சி. தேர்ந்தெடுப்பவர் அதை முதலில் கேட்கக் கூடாது.

முதல் கேள்வி: எதற்காக?

நவீன ஏ.சி. மனிதனுக்காகப் பிறக்கவே இல்லை, காகிதத்துக்காகப் பிறந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். கலர் படம் அச்சடிக்க ஒரே தாள் பல தடவை மிஷினில் ஏற வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காராது. 1902ல் வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது இளைஞரிடம் இந்தப் பிரச்சினை வந்தது. நம்ம பையன்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷத்தில் இருக்கும் வயசு! குளிர்ந்த சுருள் குழாய்களின் மேல் காற்றை ஓட்டி ஈரத்தைப் பிடித்து, 55 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்துவதற்கு அவர் வரைபடம் போட்டார். வாடிக்கையாளருக்குத் தேவை குளிர்ச்சி அல்ல, நிலையான ஈரப்பதம் என்று புரிந்துகொண்டதில்தான் அவருடைய வெற்றி இருக்கிறது. கடலோர ஊர்களில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இது நன்றாகவே புரியும். அறை ஜில்லென்று இருக்கும், ஆனால் சுவர் வியர்த்துக் கொட்டும். டன் போதும், ஈரம் போகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது கேள்வி: எந்தச் சக்தியில்?

அடுத்த வருஷமே, 1903ல், நியூயார்க் பங்குச் சந்தையின் புதுக் கட்டடம் திறந்தது. ஆல்ஃபிரட் உல்ஃப் என்ற இன்ஜினியர் அதற்கு 300 டன் குளிரூட்டும் சிஸ்டம் அமைத்தார். கட்டடம் தன் மின்சாரத்தை நீராவி இன்ஜின் வைத்துத் தானே தயாரித்துக்கொண்டது. வேலை முடிந்து வெளியேறும் நீராவி வீணாகப் போகிறதே என்று, அதை வைத்தே ஓடும் அப்சார்ப்ஷன் மிஷின்களைத் தேர்ந்தெடுத்தார் உல்ஃப். அது சுமார் இருபது வருஷம் ஓடியது. தெர்மோ வகுப்பில் அப்சார்ப்ஷன் சைக்கிள் படம் போடும்போது தூங்கிப் போனவர்கள் (நானும் அந்தக் கோஷ்டிதான்) இதைக் கவனிக்க வேண்டும். அவர் நல்ல மிஷினைத் தேடுவதற்கு முன், இந்த இடத்தில் எது மலிவாகக் கிடைக்கிறது என்று தேடினார்.

மூன்றாவது கேள்வி: யார், எப்போது?

1922ல் கேரியர் மையவிலக்கு கம்ப்ரஸர் கொண்ட சில்லரை அறிமுகப்படுத்தினார். பெரிய பொதுக் கட்டடங்களுக்குக் கதவு திறந்தது. 1924ல் டெட்ராய்ட் நகரின் ஹட்சன் பல்பொருள் அங்காடியில் அப்படி மூன்று மிஷின்கள் உட்கார்ந்தன. அங்கே அடித்தளத்தில் தள்ளுபடி விற்பனை நடக்கும். நம்ம ஊர் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். புழுக்கத்தில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. 1925ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் ஏ.சி. வந்ததும் கோடைக்காலத்தில் சினிமாவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது.

கடை, தியேட்டர் இரண்டிலும் ஒரு வசதி இருக்கிறது. ஒரே முதலாளி, ஒரே பெரிய கூடம், எல்லோருக்கும் ஒரே நேரம். மத்திய சிஸ்டம் அங்கே கச்சிதம். ஆனால் வாடகை அலுவலகக் கட்டடம் அப்படியா?

1928ல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 21 மாடி மைலம் கட்டடம் திறந்தது. அமெரிக்காவில் முழுவதும் ஏ.சி. செய்யப்பட்ட முதல் உயரமான அலுவலகக் கட்டடம் அதுதான். காற்றைக் கீழிருந்து 21 மாடிக்கும் டக்ட்டில் தள்ளினால், வாடகைக்கு விட வேண்டிய இடத்தை டக்ட்டே தின்றுவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் மேலே அனுப்பி, அங்கங்கே இருக்கும் காற்றூதி யூனிட்டுகள் வழியாக மாடிகளைக் குளிர்வித்தார்கள். ஒரே அளவு குளிர்ச்சியைச் சுமக்கத் தண்ணீருக்குச் சின்னக் குழாய் போதும், காற்றுக்கு ஆள் நுழையும் அளவு டக்ட் வேண்டும். இந்த எளிய உண்மை பெரிய கட்டடங்களில் இன்றைக்கும் ஆட்சி செய்கிறது.

அப்போதும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. காலையில் கிழக்குப் பக்கம் வேகும், சாயங்காலம் மேற்குப் பக்கம் வேகும், நடுவில் இருப்பவருக்கு நாள் முழுக்க ஒரே மாதிரி. 1930களின் கடைசியில் கேரியர் நிறுவனம் கொண்டு வந்த வெதர்மாஸ்டர் சிஸ்டம் இதற்கு ஒரு பதில். மெல்லிய குழாய்களில் வேகமாக வரும் கொஞ்சம் காற்றும், ஜன்னலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் ஓடும் சின்ன யூனிட்டும் சேர்ந்து, அந்தந்த அறைக்கு அந்தந்த அளவு குளிர்ச்சி தரும். 1950ல் குடியேறிய ஐ.நா. தலைமைச் செயலகக் கட்டடம் இந்த முறையில் குளிர்விக்கப்பட்டது. அதன் இரண்டு அகலப் பக்கமும் கண்ணாடி, அதுவும் கிழக்கு மேற்காக! வெயிலைத் தடுக்கும் வேலை கட்டடத்திலிருந்து மிஷினுக்கு மாறியது அங்கேதான். பிறகு அந்தக் கண்ணாடிப் பெட்டி உலகமெல்லாம் போனது, நம்ம ஊருக்கும் வந்தது.

1973ல் எண்ணெய் விலை ஏறியது. அதுவரை பல சிஸ்டங்கள் காற்றைக் குளிர வைத்து, ஜாஸ்தி ஆனால் திரும்பச் சூடாக்கி அனுப்பிக்கொண்டிருந்தன. இனி அது கட்டுப்படியாகாது என்று, தேவைக்கேற்பக் காற்றின் அளவையே கூட்டிக் குறைக்கும் முறை பரவியது. 1982ல் ஜப்பானில் டைக்கின் நிறுவனம் வி.ஆர்.வி.யைக் கொண்டு வந்தது. வெளியே ஒரு யூனிட், உள்ளே பல யூனிட்டுகள், நடுவில் ஓடுவது தண்ணீர் இல்லை, குளிர்பொருளே நேராக ஓடும். யார் அறையில் ஆள் இருக்கிறாரோ அங்கே மட்டும் போகும். ஆக, ஒவ்வொரு புது சிஸ்டத்துக்கும் பின்னால் "யார், எப்போது" என்ற கேள்விதான் நின்றது.

என் கட்டடத்தில் நடந்தது

இப்போது 1996க்கு வருவோம். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வங்கி நான்கு மணிக்கு வெளிக்கதவைச் சாத்தும். கிளினிக்குகள் ஐந்து மணிக்குத்தான் திறக்கும். ஜவுளிக் கடை எட்டரைக்கு மூடிய பிறகும் டாக்டர்கள் பத்து மணி வரை பேஷண்ட் பார்ப்பார்கள். அந்த மூன்று நான்கு அறைகளுக்குப் பத்து டன் போதும். ஆனால் 100 டன் சில்லர், அதன் பம்புகள், டவர் ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். பில்லைச் சதுர அடிக் கணக்கில் பிரித்தார்கள். வங்கிக்காரர் "ராத்திரி ஏ.சி.க்கு நான் ஏன் கொடுக்கணும்?" என்றார். நியாயம்தானே?

தண்ணீர் இன்னொரு வினை. கூலிங் டவரில் ஒரு டன்னுக்கு மணிக்குச் சுமார் 7 லிட்டர் ஆவியாகும். 200 டன் முழுசாகப் பத்து மணி நேரம் ஓடினால் 14,000 லிட்டர். அதாவது தினமும் ஒரு லாரித் தண்ணீருக்கு மேல் ஆகாயத்துக்குப் போகிறது. முதல் கோடையிலேயே போர்வெல் கைவிட்டது.

மூன்றாம் வருஷம் இரண்டு டாக்டர்கள் காலி செய்துவிட்டு, எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் ஏ.சி. போட்டு உட்கார்ந்தார்கள். உரிமையாளர் கடன் வாங்கிக் கட்டியவர். என்னைத் திட்டவில்லை. "மிஷின் நல்லாத்தான் சார் ஓடுது. ஆளுங்கதான் ஓடிட்டாங்க" என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

நான்காவது கேள்வி: இன்னும் இருபது வருஷத்தில்?

அந்த சில்லர்களில் ஓடியது ஆர்-22. குளிர்பொருளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அம்மோனியா விஷம் என்று பயந்த காலத்தில், 1930ல் பாதுகாப்பானது என்ற பெயரோடு ஃப்ரியான் வந்தது. அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று 1974ல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987ல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, 1992ல் இந்தியா சேர்ந்தது. ஆர்-22ஐயும் படிப்படியாக நிறுத்தியாக வேண்டும். அதற்கு மாற்றாக வந்த வாயுக்களையும் குறைக்க 2016ல் கிகாலி திருத்தம் வந்துவிட்டது. நான் வாங்கியபோதே மான்ட்ரியல் கையெழுத்தாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மிஷினின் ஆயுளைக் கேட்டேன், அதனுள் ஓடும் வாயுவின் ஆயுளைக் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கட்டடம்

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931ல் ஏ.சி. இல்லாமல் திறந்தது, அது பிற்பாடு வந்து சேர்ந்தது. 2009ல் அதைப் புதுப்பிக்கத் திட்டமிட்டபோது, சில்லர்களை மாற்றிப் பெரிதாக்குவது ஒரு யோசனை. அவர்கள் முதலில் ஜன்னலுக்குப் போனார்கள். சுமார் 6,500 ஜன்னல்களைக் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்து, பழைய கண்ணாடியையே வெப்பம் தடுக்கும்படி மாற்றி மாட்டினார்கள். வெப்பம் குறைந்ததும் புது சில்லர் தேவைப்படவில்லை, இருப்பதையே சரி செய்தால் போதும் என்றாகிவிட்டது. வாடகைதாரர்களின் மின் செலவைத் தனித்தனியாக அளந்து காட்டுவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. மொத்தத்தில் 38 சதவீத சக்தி மிச்சமாகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. மிகச் சிக்கனமான டன் எது தெரியுமா? வாங்கத் தேவையில்லாமல் போகிற டன்.

தம்பி தங்கைகளே, நாளை உங்களிடமும் ஒருவர் வந்து "எத்தனை டன்?" என்று கேட்பார். உடனே கால்குலேட்டரை எடுக்காதீர்கள். உள்ளே யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு வருவார்கள் போவார்கள், பில்லை யார் கட்டுவார்கள், தண்ணீர் இருக்கிறதா, மேற்கு வெயிலை மறைக்க முடியுமா, இந்த வாயு எத்தனை வருஷம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். பெரிய ஐ.டி. வளாகத்துக்கு மத்திய சில்லர் சரியாக இருக்கலாம். பத்துக் கடைக்காரர் இருக்கும் வளாகத்துக்கு வி.ஆர்.எஃப்., ஏன், சாதாரண ஸ்பிளிட்டே சரியாக இருக்கலாம். பதில் கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். கேள்விகள் மாறாது.

அந்த உரிமையாளர் இப்போது இல்லை. 2008ல் அவருடைய மகன் சில்லர்களைக் கழற்றி, மாடிக்கு மாடி தனி சிஸ்டம், தனி மீட்டர் போட்டார். யோசனை கேட்டு என்னிடம்தான் வந்தார். இந்தத் தடவை பீஸ் வாங்கவில்லை. முதல் நாள் பேப்பர் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாடகைதாரரிடமும் போய் உட்கார்ந்து, "எத்தனை மணிக்குத் திறப்பீங்க, எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

மீண்டும் சந்திப்போம் நண்பர்களே. விழா அரங்கில் ஏ.சி. சரியில்லை என்றால் தயவுசெய்து என்னைத் தேடாதீர்கள்!