கருப்பு எங்கிருந்து வந்தது?

மியூனிக் அருங்காட்சியகத்தில் எக்ஸெக்கியாஸ் செய்த மதுக்கிண்ணம் ஒன்று இருக்கிறது. கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் செய்தது. அகலமான, ஆழமில்லாத, இரண்டு கைப்பிடி வைத்த கைலிக்ஸ் வகை. மது குறையக் குறைய உள்ளே படகில் சாய்ந்திருக்கும் டயோனிசஸ் தெரிவார். பாய்மரத்தில் திராட்சைக் கொடி, சுற்றிலும் டால்பின்கள். உருவங்கள் எல்லாம் பளபளக்கும் கருப்பு. அதை ஏதோ சாயம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சாயமே கிடையாது, அதுவும் மண்தான்!

ஏதென்ஸ் மண்ணில் இரும்பு உண்டு. அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மிக நுண்ணிய பகுதியை மட்டும் பிரித்துக் குழம்பாக்கி, கருப்பு வேண்டிய இடத்தில் பூசுவார்கள். மீதி வேலை சூளையில்.

முதலில் காற்றை விட்டு எரிப்பார்கள், எல்லாம் சிவக்கும். சுமார் 800 டிகிரி வந்ததும் காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகைத் திணிப்பார்கள். சூடு 900-ஐத் தாண்டும். ஆக்சிஜன் இல்லாத அந்தப் புகையில் பாத்திரம் முழுக்கக் கருத்துவிடும். பூச்சு மட்டும் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். சூடு இறங்கும்போது மறுபடி காற்றைத் திறந்தால், நுண்துளைகள் உள்ள உடம்பு ஆக்சிஜனை இழுத்துச் சிவப்புக்குத் திரும்பும். இறுகிய பூச்சுக்குள் காற்று நுழையாது. அது கருப்பாகவே நின்றுவிடும்.

மூன்று கட்டமும் ஒரே சூளையில், ஒரே மூச்சில். வெப்பமானி ஏது? துளை போட்ட ஓட்டுத் துண்டுகளில் பூச்சைத் தடவி உள்ளே வைத்து, நடுவில் கொக்கியால் வெளியே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏதென்ஸ் அகழாய்வில் அப்படிப்பட்ட துண்டுகள் கிடைத்திருக்கின்றன. என் தொழிலில் சோதனையில் பிழை வந்தால் பழைய பதிப்புக்குப் போய்விடலாம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. காற்றைத் தாமதமாக அடைத்தாலோ, சூடு எல்லை மீறினாலோ அத்தனை ஓவியமும் போச்சு.

இந்த நுட்பம் பிற்காலத்தில் மறந்தே போனது. 1942-ல்தான் ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஷூமன் இதைத் திரும்பச் செய்து காட்டினார். படித்துத் தேர்ந்தவர்கள் அதுவரை தடுமாறிய விஷயத்தை, அந்தக் குயவர்கள் கண்ணையும் கையையும் வைத்தே செய்திருக்கிறார்கள்.

அடுத்தமுறை கிரேக்கக் கிண்ணங்களின் படம் பார்த்தால் கருப்புப் பரப்பை மட்டும் உற்றுப் பாருங்கள். சிலவற்றில் திட்டுத்திட்டாகச் செம்பழுப்பு தெரியும். பக்கத்துப் பாத்திரம் ஒட்டி நின்றதால் புகை சரியாகப் படாத இடம் அது. அப்படிப்பட்டதையும் தூக்கி எறியாமல் விற்றிருக்கிறார்கள்.