இருபது மணித்தியாலக் கணக்கு

அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன கூட்டாளிமாரிட்ட "எப்படிப் போகுது?" எண்டு கேட்டால், பாடத்தைப் பற்றிக் கதைக்க மாட்டினம். இந்தக் கிழமை எத்தனை மணித்தியாலம் வேலை கிடைச்சது எண்டுதான் தொடங்குவினம். அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கு.

1950இல் கொழும்பில் கூடிய கொமன்வெல்த் மாநாட்டிலிருந்து பிறந்த கொழும்புத் திட்டத்தில், ஆசிய மாணவர்கள் பலர் புலமைப்பரிசிலோடு அங்கே போனார்கள். 1980களின் நடுவில் முழுக் கட்டணம் வாங்கிச் சேர்க்கும் முறை வந்தது. கல்வி ஏற்றுமதிச் சரக்கானது. காசு கட்டுகிற பிள்ளைக்கு வேலை வேணும். அதுக்காக வேலைக்கே வந்த ஆளாகவும் ஆகிவிடக் கூடாது. இந்த இழுபறிக்குள் நின்றதுதான் 20 மணித்தியால விதி. வகுப்புக் காலத்தில் கிழமைக்கு 20, விடுமுறையில் எல்லையே இல்லை. 2008 ஏப்ரல் வரை இதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிறகு விசாவோடேயே அனுமதி வந்தது. 2012இல் கணக்கு இரண்டு கிழமைக்கு 40 ஆனது.

ஜனவரியில் ஒரு கடையில் கிழமைக்கு 40 மணித்தியாலம் நிற்பது சட்டப்படி சரி. மார்ச்சில் அதே கடை, அதே வேலை, அதே நேரம்: குற்றம். மாறினது பல்கலைக்கழக நாட்காட்டி மட்டும்தான். 2013 வரை எல்லையைத் தாண்டினால் விசாவை ரத்துச் செய்தே ஆகவேண்டும் என்றிருந்தது. அதற்குப் பிறகு அது அதிகாரியின் முடிவுக்கு விடப்பட்டாலும் பயம் போகவில்லை.

அந்தப் பயத்தில் சம்பாதித்தவர்கள் யாரென்று 2015இல் வெளியே வந்தது. செவன் இலெவன் கடைகளின் உரிமையாளர்கள் சிலர் மாணவர்களிடம் 40 மணித்தியாலம் வேலை வாங்கி, 20க்கே பதிவெழுதிச் சம்பளம் கொடுத்திருந்தார்கள். தாளில் எல்லாம் சுத்தம். கையில் பாதிக் கூலி. முறையிடப் போனால் முதலில் மாட்டுவது மாணவன்தான். கடைசியில் அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்த தொகை 15 கோடி டொலரைத் தாண்டியது. மாணவரைக் காக்க என்று சொல்லப்பட்ட எல்லை முதலாளியின் கையில் கயிறாகிப் போனதை விதி எழுதினவர்கள் யோசிக்கவில்லையா எண்டு எங்களுக்கு இன்னும் விளங்கேல்லை.

கொரோனாவுக்குப் பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது. உடனே, 2022 ஜனவரியில், எல்லையே தூக்கப்பட்டது! அதுவரை படிப்பைக் கெடுக்கும் எண்டு சொன்ன அதே மணித்தியாலங்கள்தான். 2023 ஜூலை 1இல் எல்லை திரும்பி வந்தது, இரண்டு கிழமைக்கு 48 ஆக. விடுமுறைக்கு மட்டும் இப்பவும் கணக்கில்லை. அதனால்தான் டிசம்பர் வந்தால் அவங்கட தொலைபேசி அடிச்சுக்கொண்டே இருக்கும், ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.