நட்சத்திரம் போட்டவர்கள்

வெளிநாடு கிளம்புகிறவரின் பெட்டியில் எது இருக்கிறதோ இல்லையோ, அவருடைய செல்போனில் ஒரு டஜன் 'ஆப்'கள் நிச்சயம் இருக்கும். வழி சொல்ல ஒன்று. அந்த ஊர் போர்டைப் படம் பிடித்தால் நம் மொழியில் மாற்றித் தர ஒன்று. ரூம் போட ஒன்று. யூரோவை ரூபாயாக்கிக் காட்டி, 'ஒரு காபி இவ்வளவா!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்க ஒன்று. ராத்திரி எங்கே சாப்பிடுவது என்பதைக்கூட, முன்பின் தெரியாத யாரோ போட்ட நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

இது ஏதோ கம்ப்யூட்டர் யுகத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். வழிப்போக்கனுக்கு வழி சொல்வதும், 'இங்கே தங்கு, அங்கே போகாதே' என்று எச்சரிப்பதும் மிகப் பழைய தொழில். அதன் சரித்திரத்தில் சிரிப்பு இருக்கிறது, புத்திசாலித்தனம் இருக்கிறது... நடுவில் கொஞ்சம் ரத்தமும் இருக்கிறது!

வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு விசித்திரமான மேப் இருக்கிறது. உயரம் சுமார் ஒரு அடி. நீளம்? கிட்டத்தட்ட 22 அடி! 'பாய்ட்டிங்கர் வரைபடம்' என்று பெயர். ரோமானியர் காலத்துச் சாலை வரைபடத்தை, 1200-ம் ஆண்டு வாக்கில் யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பிரதி எடுத்தது. நாடுகளின் வடிவமெல்லாம் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டிருக்கும். வரைந்தவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இந்த ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எத்தனை மைல், சாலை எங்கே பிரிகிறது, குளியல் வசதி எந்த ஊரில் உண்டு... பயணிக்கு வேண்டியது அவ்வளவுதானே? வெந்நீர் ஊற்று உள்ள ஊருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டடப் படம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு 'ஐகான்' என்கிறோமே, அதேதான்! கிழக்குக் கோடியில் இந்தியாவும் உண்டு. அதில் நம் சேரர்களின் துறைமுகமான முசிறியைக் காட்டி, பக்கத்தில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுக்கு ஒரு கோயில் இருப்பதாகவும் குறித்திருக்கிறார்கள்.

சரி, வழி தெரிந்தால் மட்டும் போதுமா? வழியில் இருக்கிற ஆசாமிகள் எப்படிப்பட்டவர்கள்?

அதைச் சொல்ல 12-ம் நூற்றாண்டில் ஒருவர் வந்தார். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் சாண்டியாகோ, கிறிஸ்தவர்களுக்கு மாபெரும் புனிதத் தலம். பிரான்ஸிலிருந்து அங்கே நடந்தே போகும் பக்தர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி, 'காலிக்ஸ்டஸ் சுவடி' என்ற நூலின் ஐந்தாம் பாகமாக இன்றும் இருக்கிறது. எந்த ஊரில் ரொட்டி நன்றாக இருக்கும், எந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்தப் படகோட்டி பேராசைக்காரன் (அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிப் படகைக் கவிழ்த்துவிட்டு, செத்தவர்களின் பொருட்களைச் சுருட்டிக்கொள்வார்களாம்!) என்று புட்டுப் புட்டு வைக்கிறார் ஆசிரியர். பாஸ்க் மொழி பேசும் பகுதியைக் கடப்பவர்களுக்காக ரொட்டி, மீன், மது, தண்ணீர் போன்றவற்றுக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார். ஆக, 'மொழிபெயர்ப்பு ஆப்'பும் ரெடி!

அந்தப் புத்தகத்தில் ஓர் இடம். உப்பாறு என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு நதிக்கரைக்கு வந்து சேர்கிறார்கள். குதிரைகளுக்குத் தாகம். கரையில் இரண்டு உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'இந்தத் தண்ணீர் நல்லதா? குதிரை குடிக்கலாமா?' என்று இவர்கள் கேட்க, 'தாராளமாக' என்று அவர்கள் தலையாட்ட... தண்ணீரைக் குடித்த குதிரைகளில் இரண்டு அங்கேயே விழுந்து செத்தன. கத்தியோடு எழுந்து வந்தார்கள் அந்த இருவரும். நிதானமாகக் குதிரைத் தோலை உரிக்க ஆரம்பித்தார்கள்!

சுமார் 900 வருடங்களுக்கு முந்தைய 'ரிவ்யூ' இது. இந்தக் கத்தி தீட்டும் ஆசாமிகளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நட்சத்திரம்? அதற்கு முன்னால் ஆச்சரியக்குறி வந்தது. கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. மரியானா ஸ்டார்க். இங்கிலாந்துக்காரர். அப்பா சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்தவர். மரியானா முதலில் எழுதியது நாடகங்கள். 1788-ல் லண்டனில் அரங்கேறிய அவருடைய நாடகம் ஒன்றின் கதை நம் சோழமண்டலக் கடற்கரையில் நடக்கிறது. பிறகு 1790-களில், காசநோயால் அவதிப்பட்ட உறவினர்களைக் கவனித்துக்கொள்ள இத்தாலிக்குப் போனார். வருடக்கணக்கில் தங்கினார். நெப்போலியனின் படைகள் உள்ளே நுழைந்ததையும் பார்த்தார். திரும்பி வந்து அவர் எழுதிய புத்தகங்கள்தான் ஐரோப்பா போகும் ஆங்கிலேயக் குடும்பங்களுக்கு வேதம் ஆயின.

பாஸ்போர்ட் எப்படி வாங்குவது, தபால் செலவு எவ்வளவு, எந்த ஊரில் வாடகை என்ன... எதையும் விட்டுவைக்கவில்லை அந்த அம்மா! மூட்டைப்பூச்சிக்கு வைத்தியம்: படுக்கையில் நாலைந்து சொட்டு லாவண்டர் எண்ணெய். தண்ணீர் கலங்கலாக இருந்தால்? பெரிய ஜாடித் தண்ணீரில் ஐந்து சொட்டு கந்தக அமிலம்! (தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.) ஓவியங்களுக்கும் சிலைகளுக்கும் மதிப்பெண் மாதிரி ஆச்சரியக்குறிகள் போட்டார். சுமாராகப் பிடித்தால் ஒன்று, ரொம்பப் பிடித்தால் இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தால், ஓர் ஆங்கிலேயப் பயணி எந்தச் சின்னப் பொருளுக்கும் ஸ்டார்க் புத்தகத்தில் விலையைப் பார்க்காமல் காசை எடுக்கமாட்டான் என்று தன் நாவலிலேயே கிண்டலடித்தார்.

ஸ்டார்க்கின் பதிப்பாளர் லண்டனில் இருந்த ஜான் முர்ரே. அவருடைய மகன், அவர் பெயரும் ஜான் முர்ரேதான், 1836-ல் ஒரு கையேடு கொண்டுவந்தார். ஹாலந்து, பெல்ஜியம், ரைன் நதிக்கரை என்று தானே சுற்றி எழுதியது. ஜெர்மனியில் அதைக் கவனமாகப் படித்தார் கோப்ளென்ஸ் நகரத்துப் புத்தக வியாபாரி ஒருவர். கார்ல் பேடெக்கர்.

பேடெக்கர் ஒரு கறார் பேர்வழி. எதையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் எழுதுவார். மிலன் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் உச்சிக்கு எத்தனை படிகள் என்று தெரிய வேண்டும். ஏறும்போது எண்ணிக்கை தப்பிவிட்டால்? பாக்கெட்டில் பட்டாணியைப் போட்டுக்கொண்டு, 20 படிக்கு ஒரு பட்டாணி என்று அடுத்த பாக்கெட்டுக்கு மாற்றியபடியே ஏறினார் என்று ஒரு கதை உண்டு. இறங்கும்போது மறுபடி எண்ணிச் சரிபார்த்தாராம்! அவசியம் பார்க்க வேண்டிய இடங்களுக்கு நட்சத்திரம் போட்டார். அதிகபட்சம் இரண்டு. புத்தகத்தில் விடுதிகளின் விளம்பரம் வாங்குவதில்லை என்று கொள்கையே வைத்திருந்தார்கள். 1859-ல் அவர் இறந்த பிறகு மகன்கள் தொழிலைப் பெரிதாக வளர்த்து, லைப்ஸிக் நகரத்துக்கு இடம் மாற்றினார்கள். சிவப்பு அட்டை போட்ட 'பேடெக்கர்' இல்லாமல் ஐரோப்பாவில் யாரும் ரயில் ஏறுவதில்லை என்கிற நிலை வந்தது. உலகம் அந்தப் புத்தகத்தை நம்பியது.

ரத்தம் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது.

1942 மார்ச் மாதக் கடைசி. இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் என்ற பழைமையான ஜெர்மானிய நகரத்தைக் குண்டு வீசிக் கொளுத்தின. ஹிட்லர் கொதித்தார். பதிலடிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தவை ஆயுதத் தொழிற்சாலைகள் அல்ல. எக்ஸெட்டர், பாத், நார்விச், யார்க், கான்டர்பரி என்று அழகுக்கும் பழைமைக்கும் பெயர்போன ஊர்கள்! ஜெர்மன் வெளியுறவுத் துறையின் பிரசாரப் பிரிவில் இருந்த ப்ரௌன் ஃபோன் ஸ்டும் என்பவர், பேடெக்கர் புத்தகத்தில் மூன்று நட்சத்திரம் பெற்ற ஒவ்வொரு கட்டடத்தையும் குண்டு போட்டுத் தகர்ப்போம் என்று கொக்கரித்தார். வேடிக்கை என்னவென்றால், பேடெக்கரில் மூன்று நட்சத்திரமே கிடையாது. மனிதர் புத்தகத்தைத் திறந்து பார்த்தாரா என்பதே சந்தேகம்!

ஆனால், செத்தவர்கள் நிஜம். 1,600-க்கும் மேற்பட்ட பொதுமக்கள். யார்க் நகரின் மத்திய கால மண்டபம் எரிந்தது. பாத் நகரின் புகழ்பெற்ற நடன அரங்குகள் எரிந்தன. சரித்திரத்தில் அந்தத் தாக்குதல்களுக்குப் பெயரே 'பேடெக்கர் ரெய்டு' என்று நிலைத்துவிட்டது. 'பார்த்து ரசியுங்கள்' என்று போட்ட நட்சத்திரம், 'இங்கே குண்டு போடு' என்கிற அடையாளமாகிவிட்டது. மறு வருடம், 1943 டிசம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் லைப்ஸிக்குக்கு வந்தன. பேடெக்கர் நிறுவனத்தின் அலுவலகம் சாம்பலானது.

இதைவிடக் கொடுமையான ஒன்று அதே 1943-ல் நடந்தது. ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்துப் பகுதியை நிர்வகித்தவர் ஹான்ஸ் ஃப்ராங்க். பின்னாளில் நியூரெம்பெர்க் விசாரணைக்குப் பிறகு 1946-ல் தூக்கில் போடப்பட்டவர். அவர் கேட்டுக்கொண்டபடி, அந்தப் பகுதிக்கு ஒரு பேடெக்கர் வெளியானது! அதே கறார் நடை. ரயில் நேரம், விடுதி, தேவாலயம், மியூஸியம்... எல்லாம் உண்டு. ஊர்களைப் பற்றிய குறிப்புகளில், இப்போது இங்கே யூதர்கள் இல்லை என்கிற தகவலும் உண்டு. எங்கே போனார்கள், ஏன் இல்லை? ம்ஹூம், ஒரு வார்த்தை கிடையாது. ஆஷ்விட்ஸ் என்ற ஊரின் பெயரும் வருகிறது. சில ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு தொழில் நகரம், அவ்வளவுதான். சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட இடம் அது!

பட்டாணி வைத்துப் படி எண்ணியவரின் பெயரில் வந்த புத்தகம் இது. அதிலிருந்த ரயில் நேரங்களில் பொய் இல்லாமல்கூட இருந்திருக்கலாம். எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், நேர் எதிரான ஒரு வழிகாட்டி வந்துகொண்டிருந்தது. அதைத் தொடங்கியவர் பெரிய பதிப்பாளர் அல்ல. விக்டர் ஹ்யூகோ க்ரீன் என்ற கறுப்பினத் தபால்காரர்! கறுப்பினத்தவர் காரில் வெளியூர் போனால் ரூம் கிடைக்காது. ஓட்டலில் சாப்பாடு கிடையாது. சில ஊர்களில் இருட்டிய பிறகு தலை தெரிந்தால் உயிருக்கே உத்தரவாதம் கிடையாது. 1936-ல் நியூயார்க் வட்டாரத்துக்காக மெல்லிய புத்தகம் ஒன்றைப் போட்டார் க்ரீன். எந்த வீட்டில் தங்க இடம் தருவார்கள், எந்த பெட்ரோல் பங்க்கில் மரியாதையாக நடத்துவார்கள் என்ற பட்டியல். வாசகர்கள் எழுதி அனுப்ப அனுப்ப, புத்தகம் நாடு முழுக்கப் பரவியது. 1949 பதிப்பில் மெக்ஸிகோ, கனடா, பெர்முடாவையும் சேர்த்துக்கொண்டார். இந்தப் புத்தகம் தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று முன்னுரையில் எழுதினார். 1960-ல் அவர் இறந்தார். இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1964-ல் வந்தது. அதற்குப் பிறகு சில வருடங்களில் 'க்ரீன் புக்' நின்றுபோனது. 2019-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படத்தின் தலைப்பு அந்தப் புத்தகம்தான்.

இரண்டுமே வழிகாட்டிகள்தான். ஒன்று, அதிகாரத்தில் இருந்தவன் கேட்டு எழுதியது. இன்னொன்று, அடிபட்டவன் அடிபட்டவனுக்காக எழுதியது.

இப்போது மறுபடியும் நம் செல்போனுக்கு வருவோம். அதிலிருக்கும் ஜி.பி.எஸ். அடிப்படையில் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983-ல் வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்த பிறகுதான், பொதுமக்களுக்கும் அதைத் தருவோம் என்று அறிவித்தார் அதிபர் ரீகன். அப்படித் தந்தபோதும், வேண்டுமென்றே கொஞ்சம் பிழை கலந்துதான் தந்தார்கள். அந்தப் பிழையை நீக்கியது 2000-ம் ஆண்டு மே மாதம்!

கூகுள் மேப் 2005-ல் வந்தது. அதில் காஷ்மீரை இந்தியாவிலிருந்து பார்த்தால் முழுக்க இந்தியாவுக்குள் தெரியும். வெளிநாட்டில் இறங்கிப் பார்த்தால் அதே எல்லை புள்ளிக்கோடாகிவிடும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ, அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஏற்ற மேப்!

நட்சத்திரங்கள்? லண்டனில் ஊபா பட்லர் என்ற இளைஞர் 2017-ல் ஒரு காரியம் செய்தார். தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த கொட்டகையை உணவகம் என்று ஒரு பிரபல விமர்சனத் தளத்தில் பதிவு செய்தார். ஷேவிங் க்ரீமையெல்லாம் வைத்து 'பதார்த்தங்கள்' செய்து படம் எடுத்தார். நண்பர்களை விட்டு ஆஹா ஓஹோ என்று எழுத வைத்தார். சில மாதங்களில், லண்டனில் இருக்கும் 18,000-க்கும் மேற்பட்ட உணவகங்களில் அந்தக் கொட்டகைதான் நம்பர் ஒன்! அங்கே அதுவரை ஒரு தோசைகூட... மன்னிக்கவும், ஒரு ரொட்டித் துண்டுகூடப் பரிமாறப்பட்டதில்லை. 2019-ல் பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தலையிட்ட பிறகு, ஆறு பெரிய விடுதித் தளங்கள் ஓர் உறுதிமொழி கொடுத்தன. பட்டியலில் ஒரு விடுதி மேலே வருவதற்கு, அது தரும் கமிஷனும் காரணமாக இருந்தால் அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி சொல்லிவிடுவோம் என்று! விளம்பரமே வேண்டாம் என்ற பேடெக்கரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக 'ஆப்'களைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தாராளமாகப் பயன்படுத்துங்கள். கிளம்பும் முன்பே அந்த ஊர் மேப்பையும் மொழியையும் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும்படி போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சீனாவுக்குப் போகிறவர்கள், அங்கே கூகுள் முடக்கப்பட்டிருப்பதை மனதில் வைத்து மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விடுதி முகவரியையும் நம் தூதரகத்தின் நம்பரையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். காகிதத்துக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்ததும் மட்டும் ஒரு நிமிடம் நிதானியுங்கள். போட்டது யார், அவருக்கு இதில் என்ன லாபம், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று யோசியுங்கள்.

ஆற்றுத் தண்ணீர் நல்லதா என்று யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருப்பவனை மட்டும் கேட்கக் கூடாது!