மருந்தும் மன்றாட்டும்: மானிப்பாயிலிருந்து தெய்வீக சுகம் பற்றி ஒரு விசாரணை

மானிப்பாயில் நோயாளி ஒருவருக்குக் கிறிஸ்தவம் இன்று இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. மற்றது சுகமளிக்கும் ஜெபக்கூட்டம். முதலாவதை அறிவென்றும் இரண்டாவதை அறியாமையென்றும் பிரித்துவிடுவது படித்த யாழ்ப்பாணத்தாரின் வழக்கம். பழைய மிஷன் சபைக்காரர் பெந்தெகொஸ்தே முதலிய புதிய சபையினரை 'அல்லேலூயாக்காரர்' என்று சொல்லும் தொனியிலேயே அந்தத் தீர்ப்பு அடங்கியிருக்கும். இந்தப் பிரிப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது. பழைய சபை கவனியாமல் விட்ட பணியைத்தான் புதிய சபைகள் எடுத்துக்கொண்டன. அவற்றின் பிழை வேறிடத்தில் இருக்கிறது.

அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டார். 60க்கு மேற்பட்ட மாணவரை வைத்தியராக்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' ஆகிய நூல்கள் அவராலும் அவருடைய மாணவராலும் தமிழுக்கு வந்தன. மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்த முன்னோடி என்று அவரைக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் அமெரிக்காவின் வூஸ்டரில் உள்ள அவருடைய கல்லறைக் கல் அவரைத் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே குறிக்கிறது. மருந்து கொடுப்பதும் அவருக்கு ஊழியம்தான்.

அவரை அனுப்பிய மிஷனின் சீர்திருத்த மரபு, அற்புதங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று பொதுவாக நம்பியது. கத்தோலிக்கருக்கு எதிராகக் கால்வின் அப்படித்தான் வாதிட்டார். பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்பீல்ட் 1918இல் அதை ஒரு நூலாகவே விரித்தார். அற்புதம் நின்ற பின்னும் கடவுள் குணமாக்குகிறார், ஆனால் மருந்தின் வழியாகவும் வைத்தியர் கையாலும் என்பது இந்த மரபின் நிலை. மானிப்பாய் வைத்தியசாலை எழுந்தது இந்த இறையியலின் மேல்தான்.

அதற்கு ஒரு விலை இருந்தது. வியாதிக்காரனுக்குச் சபை மூப்பர் எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும் என்று யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் கூறுகிறது. மிஷன் சபைகளின் வழிபாட்டில் அதற்கு முக்கிய இடம் கிடைக்கவில்லை. நாவூறு, செய்வினை, பேய் பிசாசு பற்றிய அச்சங்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டன. ஒதுக்கியதால் அவை போய்விடவுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடாத இரவில் அயல்வீட்டுச் சைவத் தாய் மருதடிப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைப்பாள். மிஷன் சபைத் தாய்க்கு மருந்துத் துண்டும் ஞாயிறு ஆராதனையும்தான்.

இந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் பெந்தெகொஸ்தேயினர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் கிறிஸ்தவரான ராமன்குட்டி, பாஸ்டர் போல் ஆகி, 1920களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனை உருவாக்கினார். அதன் முழுநேர ஊழியர் மருந்தே எடுப்பதில்லை என்பது அறிந்த செய்தி. பின்னர் தமிழ்நாட்டிலிருந்து சுகமளிக்கும் ஊழியர் டி. ஜி. எஸ். தினகரனின் குரல் வந்தது. யுத்தத்தில் ஆளையும் வீட்டையும் இழந்தவர்களின் தலையில் கைவைத்து, பெயர் சொல்லி அழுது ஜெபிக்க ஒருவர் வந்தபோது, அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வெளியே நின்று எள்ளுபவர்கள் உணர்வதில்லை.

ஆனால் சுகமளிக்கும் கூட்டத்தின் மேடையில் ஏறும் சாட்சியைக் கவனித்துக் கேட்கவேண்டும். டொக்டர் கைவிட்டார், பாஸ்டர் கைவைத்தார், அன்றே சுகம்: வடிவம் எங்கும் இதுதான். கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருந்தது, குளிசை தொடர்ந்ததா, ஆறு மாதத்தின் பின் எப்படியிருந்தது என்பவை அதில் வராது. நாரிப்பிடிப்பு தானாகவும் விடும். வலிப்பு மாதக்கணக்கில் ஒளிந்திருந்து திரும்பவும் வரும். இன்சுலின் மட்டும் பொறுக்காது. அது இல்லாமல் வாழமுடியாத ஒருவர் அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

அற்புதத்தை நம்பும் சபையே அற்புதக் கணக்கில் தங்கியிராமல் இருக்கவும், அதைக் கடுமையாகச் சோதிக்கவும் முடியும் என்பதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை சான்று. 1687இல் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தருக்கு மறைந்து சில்லாலையில் பணிசெய்த யோசப் வாஸ் அடிகளார் 2015 ஜனவரி 14ஆம் திகதி புனிதராக்கப்பட்டார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது அற்புதத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் கேட்கவில்லை. அற்புதக் கணக்குக் குறைந்ததால் அவருடைய புனிதம் குறையவில்லை. சோதனையின் கடுமைக்கோ லூர்து யாத்திரைத் தலம் சான்று: அதன் மருத்துவ அலுவலகத்துக்கு வந்த, சுகமடைந்ததாகச் சொல்லும் 7,000க்கு மேற்பட்ட அறிவிப்புகளில், அற்புதமென்று திருச்சபை ஏற்றவை சுமார் 70தான்.

சுகமளிக்கும் கூட்டங்களில் சுகமாகாதவருக்குச் சொல்லப்படும் விடையோ அந்தச் சாட்சிகளைவிட மோசம்: 'விசுவாசம் காணாது.' இந்த ஒரு விடையால் எந்தத் தோல்வியும் ஊழியரைத் தொடாமல் நோயாளியின் தலையில் விழுகிறது. இதை மறுக்க விஞ்ஞானம் தேவையில்லை, யோவான் சுவிசேஷமே போதும். பெதஸ்தா குளத்தருகே கிடந்த, 38 வருடம் வியாதியாயிருந்தவனிடம் இயேசு விசுவாசம் கேட்கவில்லை. குணமாக்கியவர் யாரென்றே அவனுக்குத் தெரியாது. பிறவிக் குருடன் யார் செய்த பாவத்தால் இப்படிப் பிறந்தான் என்று சீடர் கேட்டபோது, இவனுமல்ல பெற்றாருமல்ல என்றே விடை வந்தது. விவிலியத்தை எழுத்தெழுத்தாக நம்புவதாகச் சொல்லும் சபைகள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் எப்படித் தாண்டிப்போகின்றன என்பது எனக்கு வியப்பு.

ஆகவே, மிஷன் மரபில் வந்த சபைகள் யாக்கோபின் எண்ணெயைத் திரும்ப எடுக்கட்டும். நோயாளியின் படுக்கையருகே மூப்பர் போய் நிற்கட்டும். சுகமளிக்கும் கூட்டம் நடத்தும் போதகர்கள், சாட்சி சொல்ல வருபவரிடம் முதலில் கிளினிக் கொப்பியைக் கேட்கட்டும். வைத்தியர் சொல்லாமல் ஒரு குளிசையைத்தானும் நிறுத்தவேண்டாம் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் ஜெபத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும்.